தொங்கவிட்ட தேநீர் ஆடுகிற மண்

உங்கள் அம்மாவுக்குத் தலைசுற்றல் இருக்கிறது என்று கிளினிக்கில் ஓர் அட்டையில் எழுதியிருந்தது. எழுதியவர் டாக்டர், எழுத வைத்தவன் நான். அன்றைக்குக் காலையில் நீங்கள் இருவரும் பள்ளியில் இருந்தீர்கள். அப்போது உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட செய்தி மட்டும்தான். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்" என்று, கைகூப்பும் படம் மூன்று வைத்து அனுப்பியிருந்தேன். அந்தச் செய்தி தவறு. அதைத் திருத்துவதற்குத்தான் இந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். நான் படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில் பள்ளியை விட்டவன். பிழை இருந்தால் பெரியவள் சரி செய்துகொள். சின்னவன் சிரிக்காதே.

அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால் "மண்ணு தோண்டுறாரு" என்று நீங்கள் சொல்வதாகக் கேள்வி. அது முழுக்கச் சரியில்லை. கட்டடம் கட்டுவதற்கு முன்னால் அந்த நிலத்தில் துளை போட்டு, கீழே என்ன மண் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. ரிக் என்று ஓர் இயந்திரம் இருக்கிறது. அதை நிறுத்தி, இரும்புக் கம்பியை இறக்கி, அதன் தலையில் கனமான சுத்தியலை எப்போதும் ஒரே உயரத்திலிருந்து விழ விடுவோம். உங்கள் பள்ளிக்கூட ரூலர் நீளத்துக்குக் கம்பி இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணி, பாரம் என்கிற அச்சடித்த தாளில் எழுதுவோம்.

கடலைவிட்டுத் தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கும் செலாயாங் பக்கம் போனால் சீக்கிரமே பாறை வந்துவிடும். ஐம்பது தடவை அடித்தாலும் கம்பி நகராது; சுத்தியல்தான் எகிறும். கடலோரத்தில் கிள்ளான், ஜெஞ்சாரோம், கேரி தீவு பக்கமெல்லாம் வேறு கதை. கடல் ஒரு காலத்தில் விட்டுவிட்டுப் போன சேறு அது, சாம்பல் நிறத்தில் பற்பசை மாதிரி இருக்கும். சுத்தியலைத் தூக்கவே வேண்டாம். கம்பியை மேலே வைத்தால் தன் கனத்திலேயே தானாக இறங்கிப் போகும். அந்த இடத்தில் பாரத்தில் சைபர் என்று எழுதுவோம். பள்ளியில் எனக்குப் போட்ட சைபர்களைவிட, இந்த இருபது வருடத்தில் கிள்ளான் மண்ணுக்கு நான் போட்ட சைபர்கள் அதிகம்.

அப்படிப்பட்டவன் வீடு வாங்கியது எங்கே? கிள்ளானில், அதே சேற்றின் மேல், பதின்மூன்று ஏ மாடியில். நாலு என்ற எண் சீனர்களுக்கு ஆகாது என்பதால், லிப்டில் பதினான்கு இருக்க வேண்டிய பொத்தானில் 13A என்று போட்டிருக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு ஆரம்பத்திலேயே அவ்வளவு உயரம் பிடிக்கவில்லை. நான்தான் சமாதானம் சொன்னேன். நம் அடுக்குமாடியை ஒட்டிய காலி நிலத்தில் துளை போட்டது என் ரிக்தான். நம் கட்டடத்துக்குத் தூண் இறக்கியதையும் அங்கே நின்று பார்த்திருக்கிறேன். ஒரு தூணை இறக்குவார்கள், அது மறைந்துவிடும். அதன் தலையில் இன்னொன்றைப் பற்றவைத்து இறக்குவார்கள், அதுவும் மறைந்துவிடும். மூன்று தென்னை மரத்தை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்திய ஆழத்தில்தான் கெட்டி மண்ணைத் தொட்டார்கள். புதுமனை புகுவிழாவுக்கு வந்த எல்லோருக்கும் வடையோடு இந்தக் கதையையும் நான் பரிமாறினேன். "இந்தக் கட்டடம் விழவே விழாது" என்றேன். அது உண்மை. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விழாத கட்டடம் ஆடவும் ஆடாது என்று நானாகவே மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன் பாருங்கள், அங்கேதான் கோணலாகிவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மா வேனில் காலை ஓட்டத்தை முடித்துவிட்டு வந்திருந்தாள். நம் ஸ்கூல் வேனில் வரும் பிள்ளைகளை எல்லாம் பள்ளியில் இறக்கிவிட்டு, மதிய ஓட்டத்துக்கு முன்னால் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் செலாயாங்கில் வேலை இடத்தில் இருந்தேன். பத்து மணி தேநீர் அப்போதுதான் வந்திருந்தது. எங்கள் ரிக்கில் ஒரு பழக்கம் உண்டு. கடையிலிருந்து தே புங்குஸ் வாங்கி வருவோம். பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிறு கட்டித் தருவார்களே, அதுதான். சேற்றில் வைக்க இடம் ஏது, அதனால் ரிக் காலில் இருக்கும் கொக்கியில் மாட்டித் தொங்கவிடுவோம். மாட்டிவிட்டுத் திரும்புகிறேன், போன் அடிக்கிறது.

"என்னங்க, பில்டிங் ஆடுது."

"எந்த பில்டிங்?"

"நம்ம பில்டிங் லா. வேற எவன் பில்டிங்க நான் போய் பாக்கப் போறேன்?"

"காலையில சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். வாளியில இருக்கற தண்ணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருது. சாமி விளக்கு ஊஞ்சல் மாதிரி ஆடுது. நான் தொடவே இல்ல."

அவள் குரலில் மூச்சு வாங்கியது. பேசிக்கொண்டே படியில் இறங்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் பதற்றப்படாமல், படித்த ஆள் மாதிரி, என் தொழிலை முன்னிறுத்திப் பேசினேன்.

"இங்க பாரு. நான் நிக்கிறது மண்ணு மேல. கம்பி பூமிக்குள்ள இருக்கு. பூமி ஆடினா மொதல்ல தெரியறது எனக்குத்தான். என் தே அப்படியே தொங்குது, ஒரு சொட்டு அசையல. நீ கொஞ்சம் உக்காரு. தண்ணி குடி."

"தண்ணியே ஆடுதுங்கறேன், குடிக்கச் சொல்றீங்க."

போனை வைத்துவிட்டாள். பதின்மூன்று ஏ மாடியையும் செருப்பில்லாமல் இறங்கி, கீழே கார் நிறுத்தும் இடத்தில் வேனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். காவலாளியிடம் கேட்டாளாம். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, எதுவும் இல்லை அக்கா என்று மலாயில் சொன்னாராம். அந்த நேரத்தில் நம் மாடியில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். சாட்சிக்கு ஆள் இல்லை.

நான் ஒரு சாட்சியைத் தேடினேன், எனக்குச் சாதகமாக. அம்மாவின் அக்கா, உங்கள் பெரியம்மாவைக் கூப்பிட்டேன். அவர் பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடையில் வேலை செய்கிறார், தரைத்தளத்தில்.

"அக்கா, அங்க ஏதாவது ஆடிச்சா?"

"என்ன ஆடணும் தம்பி? இங்க பொம்மைக்குக் கட்டின சேலை முந்தானை கூட அசையல. ஏன்?"

"உங்க தங்கச்சி பில்டிங் ஆடுதுன்னு சொல்றா."

"அவளுக்கு பிரஷர் லா. விடியறதுக்குள்ள எழுந்து வேன் ஓட்டினா தலை சுத்தாம என்ன செய்யும்? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

இரண்டு பேர் சொல்லிவிட்டோம். ஒருவர் செலாயாங் பாறை மேல் நின்றவர், இன்னொருவர் பிரிக்பீல்ட்ஸில் கெட்டி மண்ணின் மேல், அதுவும் தரைத்தளத்தில் நின்றவர். பற்பசை மாதிரி மண்ணில் பதின்மூன்று ஏ மாடியில் நின்றவள் சொன்னதை நாங்கள் இருவரும் சேர்ந்து தள்ளுபடி செய்தோம். நியாயமான விசாரணை என்றுதான் அப்போது நினைத்தேன்.

மாலையில் கிளினிக்குக்குப் போனோம். அம்மா வரமாட்டேன் என்றாள். நான்தான் வற்புறுத்தினேன். டாக்டர் நம் தமிழ்ப் பிள்ளை, வயது குறைவு, பொறுமையாகக் கேட்பவர். ஆனால் அம்மாவைக் கேட்க நான் எங்கே விட்டேன்? "என்ன செய்யுது?" என்று அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டதும் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"காலையில பத்து மணிக்கு டாக்டர், வீடே சுத்துற மாதிரி இருந்திருக்கு. தண்ணி ஆடுற மாதிரி, விளக்கு ஆடுற மாதிரி. ஓடிப் போய் கீழ நின்னிருக்கா. தலை சுத்தல்தான்."

"எனக்குச் சுத்தல டாக்டர்," என்றாள் அம்மா. "பில்டிங்தான் ஆடிச்சு."

"அப்படித்தான் எல்லாருக்கும் தோணும் அக்கா. காதுக்குள்ள பேலன்ஸ் பாக்கற இடம் ஒண்ணு இருக்கு, அங்க கொஞ்சம் கோளாறா இருக்கலாம்."

"வாளிக்கும் காது இருக்கா டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு ஆண்கள் சிரித்து முடித்ததும் அட்டையில் எழுதப்பட்டது. மாத்திரையும் கிடைத்தது. அம்மா அந்த மாத்திரைப் பொட்டலத்தை வேனில் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டு வைத்தாள். அது அங்கேயே வெயிலில் கிடந்தது.

மறுநாள் பத்திரிகையில் ஓர் ஓரத்தில் செய்தி வந்தது. சுமத்ராவில் நிலநடுக்கம், இங்கே மேற்குக் கரையில் சில உயரமான கட்டடங்களில் உணரப்பட்டது என்று. எந்தெந்த இடம் என்று சிலவற்றைப் போட்டிருந்தார்கள். நம் இடம் இல்லை. நான் அதைச் சத்தமாக வாசித்தேன். வாசித்து முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிடத்தில் நான் ஒத்துக்கொண்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, "இது வேற ஏரியா. நம்ம கிள்ளான் பேரே இதுல இல்லையே," என்றேன்.

"சரி."

"சுமத்ரா எங்க இருக்கு, கடலுக்கு அந்தப் பக்கம். அங்க ஆடி இங்க உனக்கு வந்துச்சுன்னா, நடுவுல செலாயாங்ல இருக்கற எனக்கு ஏன் வரல?"

சின்னவனே, நீதான் அப்போது சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய்: "அப்பா, செலாயாங் நடுவுல இல்லப்பா. கிள்ளான்தான் கடல் பக்கம்." நான் உன்னைச் சாப்பிடும்போது பேசாதே என்றேன்.

அம்மா அதன் பிறகு என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. சோறு போட்டாள், சட்டை தேய்த்துத் தந்தாள். ஏதாவது கேட்டால் மட்டும், "எனக்கென்ன தெரியும், உங்க மண்ணைக் கேட்டுக்குங்க" என்பாள். உப்பு எங்கே என்று கேட்டதற்கும் ஒரு முறை அதே பதில் வந்தது.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். மூன்று வாரம் கழித்து அம்மாவின் வேன் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டுவதற்கு டாக்டர் உடம்பைப் பார்த்து ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் அது ஐந்து நிமிட வேலை. இந்த முறையும் அப்படித்தான் நினைத்துப் போனோம். டாக்டர் பழைய அட்டையை எடுத்தார், பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார்.

"அக்கா, மூணு வாரத்துக்கு முன்னாடி தலை சுத்தல்னு வந்திருக்கீங்க."

"நான் வரல டாக்டர். கூட்டிட்டு வந்தாங்க."

"பாரத்துல மயக்கம், தலைசுத்தல் இருக்கான்னு ஒரு கேள்வி இருக்கு. நான் இல்லைன்னு போட முடியாது. சின்னப் பிள்ளைங்கள ஏத்துற வண்டி. காது ஸ்பெஷலிஸ்ட்டைப் பாத்து லெட்டர் வாங்கிட்டு வாங்க, போட்டுத் தர்றேன்."

அவர் சொன்னது தப்பே இல்லை. என் பிள்ளைகள் போகும் வேன் ஓட்டுநருக்கு அட்டையில் அப்படி எழுதியிருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். பெரிய மருத்துவமனையில் காது டாக்டரைப் பார்க்கத் தேதி கேட்டோம். கொடுத்த தேதி லைசென்ஸ் முடிந்து வெகுநாள் கழித்து இருந்தது. அதுவரை வேன் நிற்க வேண்டும். வேன் நின்றால் அந்தப் பிள்ளைகளை வேறு யாராவது ஏற்றிக்கொள்வார்கள். ஏற்றியவர் திருப்பித் தர மாட்டார். நீங்கள் இரண்டு பேரும் கைப்பிள்ளைகளாக இருந்தபோது, முன் இருக்கையில் உங்களைக் கட்டி வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு வீடாகச் சேர்த்த ஓட்டம் அது.

திரும்பி வரும்போது அவள்தான் ஓட்டினாள். சிக்னலில் நின்றபோது சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் சொன்னது ஒண்ணு. நீங்க சொன்னது ஒண்ணு. டாக்டர் நீங்க சொன்னத எழுதிட்டாரு." அவ்வளவுதான். பச்சை விழுந்தது, போனோம்.

அடுத்த வாரம் எங்களுக்கு ஜெஞ்சாரோமில் வேலை. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நிலம், அதே சாம்பல் சேறு. என்னோடு வேலை செய்பவர் கேரி தீவில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர், வாய் மட்டும் பெரியது. பத்து மணிக்குத் தே வந்தது. வழக்கம் போல இரண்டு பொட்டலத்தையும் கொக்கியில் மாட்டினார். நான் கம்பியை இறக்கிக்கொண்டிருந்தேன். அப்போது சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று போனது. எங்களுக்கும் சாலைக்கும் நல்ல தூரம். லோரி போய் மறைந்தும் விட்டது.

"அண்ணே, தே ஆடுது. இன்னைக்கு வேலை சுலபம்," என்றார் அவர்.

இது எங்களுக்குள் இருபது வருடமாக ஓடுகிற பேச்சு. லோரி போகும்போது தொங்குகிற தே ஆடினால் மண் இளக்கம், கம்பி தானாக இறங்கும், அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். செலாயாங் மாதிரி இடத்தில் தலைமாட்டில் லோரி போனாலும் தே ஆடாது. அன்றைக்குத் தோள் கழன்றுவிடும். புதிதாக வேலைக்கு வரும் ஆளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே இதுதான். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

நான் கம்பியை விட்டுவிட்டு அந்தப் பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டும் ஒன்றாக, மெதுவாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தன.

"என்ன அண்ணே, இதுக்கு முன்ன தேயப் பாக்காத மாதிரி பாக்குறீங்க? ஈ விழுந்துருச்சா?"

"எங்க வீட்டுல பில்டிங் ஆடுதுன்னாங்க, அன்னைக்கு."

"ஆமா, தலை சுத்தல்னு சொன்னீங்களே. குடும்ப குரூப்லகூட போட்டேன்னீங்களே."

"அன்னைக்கு நாம செலாயாங்ல இருந்தோம்."

அவர் பொட்டலத்தைக் கழற்றி ஸ்ட்ராவைக் குத்தி ஓர் உறிஞ்சு உறிஞ்சினார்.

"அண்ணே, உங்க வீட்டுப் பக்கம் நாம துளை போட்டப்ப என்ன எழுதினோம்?"

"சைபர்."

"மேல இருந்து எவ்வளவு ஆழத்துக்கு?"

"பாரம் முழுக்க."

"அப்ப அண்ணி ஏன் டாக்டர்கிட்ட போனாங்க? நீங்கதானே போயிருக்கணும்?"

அன்று மதியம் மண்ணைப் பார்க்க வந்த இன்ஜினியர் ஒரு மலாய்ப் பெண், கிளந்தான் பக்கத்துக்காரர். அவரிடம் கேட்டேன். யாரோ ஒருவருக்கு நடந்தது மாதிரித்தான் கேட்டேன். அவர் கேரி தீவுக்காரரைப் பார்த்தார், கேரி தீவுக்காரர் என்னைப் பார்த்தார், அதோடு ரகசியம் போய்விட்டது. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

தூரத்தில் பூமி அதிரும்போது படபடவென்ற வேகமான அதிர்வெல்லாம் வழியிலேயே அடங்கிவிடுமாம். மெதுவாக அசைகிற நீண்ட அலை மட்டும்தான் கடல் தாண்டி இங்கே வந்து சேரும். அது பாறை இருக்கும் இடத்தில் வந்ததே தெரியாமல் போய்விடும். ஆழமான இளகிய மண்ணுக்குள் நுழைந்தால் அந்த மண் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பெரிதாக்கும். அப்போதும் தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் போகலாம், ஏனென்றால் அது அவ்வளவு மெதுவான அசைவு. உயரமான கட்டடத்துக்கும் மெதுவாக அசைகிற குணம் உண்டு. மண் அசைகிற தாளமும் கட்டடம் அசைகிற தாளமும் ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி மேல்மாடியில் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். ஆழத்தில் இறக்கிய தூண் கட்டடத்தைத் தாங்கும், அமிழ விடாது. ஆனால் ஆடாதே என்று அதட்டாது.

"எந்த மாடி?" என்று கேட்டார்.

"பதின்மூன்று ஏ."

"அப்படியானால் பாங், உங்கள் மனைவிக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். நீங்கள் கடைசி."

பாங் என்றால் அண்ணன். மரியாதையாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். மண், அலை, ஊஞ்சல் என்று ஒரு நீளமான விளக்கம் தயார் செய்திருந்தேன். கதவைத் திறந்தவளிடம் அதை ஆரம்பித்தேன். பாதி வரை கேட்டாள்.

"இது எல்லாத்தையும் யாரு சொன்னா?"

"இன்ஜினியர். பொம்பளை இன்ஜினியர்."

"அவங்க சொன்னதும் நம்பிட்டீங்க."

"அது இல்ல. தே ஆடிச்சு. நானே பாத்தேன்."

"தே சொன்னா நம்புவீங்க," என்றாள். பிறகு, "வாங்க, இதைப் போய் டாக்டர்கிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது, எனக்குத்தான் அப்பவே தெரியுமே," என்று பையை எடுத்துக்கொண்டாள்.

கிளினிக்கில் கூட்டம் இல்லை. இந்த முறை டாக்டர் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். அம்மா என்னைக் கை காட்டினாள். நான் எழுந்து நின்றேன். பள்ளியில் வீட்டுப்பாடம் செய்யாமல் போனால் நிற்பதைப் போல.

"டாக்டர், அன்னைக்கு நான் தப்பா சொல்லிட்டேன். இவங்களுக்குத் தலை சுத்தல. பில்டிங்தான் ஆடிச்சு."

"மாத்திரை சாப்பிட்டதும் சரியாயிடுச்சா அக்கா?"

"ஒண்ணுகூட சாப்பிடல டாக்டர். பில்டிங் நின்னதும் எனக்கும் சரியாயிடுச்சு."

நான் மண்ணைப் பற்றிச் சொன்னேன், சைபர் பற்றி, செலாயாங் பாறை பற்றி, தே பற்றி. டாக்டர் குறுக்கே பேசவில்லை. ஆனால் போகப் போக அவர் முகம் மாறியது. அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்த்தார்.

"அது வெள்ளிக்கிழமைதானே? காலையில பத்து மணி?"

"ஆமா டாக்டர்," என்றாள் அம்மா.

அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

"எங்கம்மா இங்க கடல் பக்கம் பதினெட்டாவது மாடியில இருக்காங்க. அன்னைக்குப் போன் பண்ணாங்க. கட்டில் நகருதுன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாப்டீங்களான்னு கேட்டேன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

"அப்புறம்?" என்றாள்.

"மாத்திரை கொடுத்து அனுப்பினேன்."

"எந்த மாத்திரை?"

"அதேதான் அக்கா. இன்னும் சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க."

அதன் பிறகு டாக்டர் தன் வேலையைச் சரியாகச் செய்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். என் பேச்சை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடவில்லை. அம்மாவைக் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், கோட்டில் நடக்கச் சொன்னார், தலையைத் திருப்பித் திருப்பிக் கண்ணைப் பார்த்தார், காதுக்குள் விளக்கடித்தார். அம்மா ஒற்றைக் காலில் நின்றது பாருங்கள், நானாக இருந்தால் அலமாரியைப் பிடித்திருப்பேன். எல்லாம் முடிந்து உட்கார்ந்தார்.

"பழைய குறிப்பை நான் அழிக்க முடியாது. ஆனா கீழ சேர்த்து எழுதலாம்." எழுதியபடியே வாசித்தார்: "நிலநடுக்கத்தில் கட்டடம் ஆடியது. தலைசுற்றல் இல்லை. இன்று பரிசோதித்ததில் எல்லாம் சரி. கணவர் உறுதிப்படுத்தினார்."

"அந்தக் கடைசி வரி எதுக்கு டாக்டர்?" என்றாள் அம்மா. "அதுவும் இவரு சொன்னாத்தான் எழுதுவீங்களா?"

டாக்டர் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு லைசென்ஸ் பாரத்தில், தலைசுற்றல் உண்டா என்ற கேள்விக்கு நேராக இல்லை என்று போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தார். நாங்கள் கதவை மூடும்போது அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். "அம்மா, அந்த மாத்திரைய நிறுத்திடுங்க" என்று ஆரம்பித்தது காதில் விழுந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து என்ன வந்தது என்று தெரியாது. வெகுநேரம் அவர் "ம், ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே குடும்பக் குழுவில் திருத்தம் போட்டேன். முதல் செய்தியைவிட நீளமாக, மண்ணின் விவரத்தோடு. உங்கள் பெரியம்மா கட்டை விரல் படம் ஒன்று அனுப்பினார். பிறகு தனியாக அம்மாவைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு, தே ஆடுது, மண்ணு ஆடுதுன்னு என்னென்னமோ எழுதியிருக்காரே, பிரஷர் பாத்தியா?" என்று கேட்டாராம்.

கிளினிக்கிலிருந்து கிளம்பியதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அம்மா பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்து, ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நம் வேன் உங்களுக்குத் தெரியும்; இன்ஜின் எடுத்ததும் ஜன்னல், இருக்கை, கதவு எல்லாம் சேர்ந்து நடுங்கும். முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்த மாத்திரைப் பொட்டலமும் துள்ளிக்கொண்டிருந்தது. அவள் கியர் போடவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப ஆடுறது வேனா, என் தலையா?"

"வேன்."

"அவசரப்படாதீங்க. நல்லா பாத்து சொல்லுங்க."

நான் நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு, வேன்தான் என்று மறுபடி சொன்னேன். அதற்குப் பிறகுதான் வண்டியை எடுத்தாள்.